கார்டில் கட்டிய பெரிய தொகை டெபிட் ஆகவே இல்லையா? செய்ய வேண்டியது என்ன?

தங்கையின் கல்யாணத்துக்கு நகை எடுக்க, பெங்களூருவில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் சொந்த ஊரான சின்னமனூருக்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேனி நேரு சிலை பக்கம் ஒரு நகைக்கடை. பில் 1,86,000 ரூபாய். கிரெடிட் கார்டை மெஷினில் செருகி, பின் நம்பர் போட்டதும் ‘அப்ரூவ்டு’ என்று சிலிப் வருகிறது. போனுக்கு எஸ்எம்எஸ்ஸும் வந்துவிடுகிறது. கல்யாணம் நல்லபடியாக முடிய, ராத்திரி பஸ்ஸைப் பிடித்து பெங்களூருவுக்குப் போய்விடுகிறார்.

பத்து, பன்னிரண்டு நாள் கழித்து வங்கி ஆப்பைத் திறந்தால், கார்டின் லிமிட் முழுசாக இருக்கிறது. அந்த மாத ஸ்டேட்மென்ட்டில் நகைக்கடையின் பெயரே இல்லை.

“லக்குடா மச்சான், கமுக்கமா இரு” என்கிறார் அறை நண்பர். “பின்னாடி வட்டியோட சேர்த்துக் கேப்பாங்களாப்பா?” என்று அம்மாவுக்குப் பயம். “கடைக்காரருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருப்பா” என்கிறார் அப்பா.

மூன்றில் எது சரி? அப்பா சொல்வதுதான். ஆனால் ஏன் வங்கியிடம் சொல்லாமல் கடையிடம் சொல்ல வேண்டும், இரண்டு முறை பணம் கட்டி மாட்டிக்கொள்ளாமல் இதை எப்படி முடிப்பது என்பதையும் தெரிந்துகொண்டு போன் போடுவது நல்லது.

எஸ்எம்எஸ் வந்தால் பணம் போய்விட்டது என்று அர்த்தமா?

இல்லை. கார்டில் பணம் கட்டுவது ஒரே வேலை போலத் தெரிந்தாலும் உள்ளே நடப்பது இரண்டு வேலைகள்.

முதல் வேலை அனுமதி. கடையின் மெஷின், கடைக்காரரின் வங்கி வழியாகவும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க் வழியாகவும் உங்கள் வங்கியைத் தொடர்புகொண்டு, “இவர் கணக்கில் இவ்வளவு இருக்கிறதா, கொடுக்கலாமா?” என்று கேட்கிறது. ‘கொடுக்கலாம்’ என்று உங்கள் வங்கி ஓர் அனுமதி எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. கூடவே அந்தத் தொகையை வேறு எதற்கும் செலவழிக்க முடியாதபடி நிறுத்தி வைக்கிறது. எஸ்எம்எஸ் வருவது இந்தக் கட்டத்தில்தான். சில நொடிகளில் இவ்வளவும் முடிந்துவிடும். ஆனால் கடைக்காரருக்கு இன்னும் ஒரு பைசாவும் போய்ச் சேரவில்லை.

இரண்டாவது வேலை செட்டில்மென்ட். அன்றைக்கு நடந்த கார்டு விற்பனைகளை மொத்தமாகச் சேர்த்து, “இந்தப் பணத்தை எல்லாம் எங்களுக்குக் கொடுங்கள்” என்று கடையின் மெஷின் தன் வங்கிக்கு அனுப்ப வேண்டும். சில மெஷின்கள் ராத்திரியில் தானாகவே அனுப்பிவிடும். சிலவற்றில் கடையில் இருப்பவர் பட்டனைத் தட்ட வேண்டும். இந்தக் கேட்பு வந்த பிறகுதான் நிறுத்தி வைத்த தொகை உண்மையான செலவாக உங்கள் கணக்கில் ஏறும்.

கேட்பு வரவே இல்லை என்றால்? நிறுத்தி வைத்த தொகையை உங்கள் வங்கி காலத்துக்கும் பூட்டி வைத்திருக்க முடியாது. கார்டின் வகை, கடையின் வகையைப் பொறுத்து சில நாட்களிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் அதை விடுவித்துவிடும். கிரெடிட் கார்டாக இருந்தால் லிமிட் பழையபடி ஏறும். டெபிட் கார்டாக இருந்தால் குறைந்திருந்த பேலன்ஸ் திரும்பி வரும். பார்ப்பதற்கு ரீஃபண்ட் போலவே இருக்கும். ஆனால் இங்கே யாரும் எதையும் திருப்பித் தரவில்லை. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கயிறு எங்கே அறுபடுகிறது?

பெரும்பாலும் கடையின் பக்கத்தில்தான். செட்டில்மென்ட் அனுப்புவதற்குள் மெஷின் பழுதாகி, மாற்று மெஷின் வந்திருக்கலாம். கடைசிப் பில்லை ரத்து செய்யப்போன ஊழியர், அவசரத்தில் உங்கள் பில்லை ரத்து செய்திருக்கலாம். ஹோட்டல்களில் செய்வதுபோல் தொகையை நிறுத்தி வைக்கும் முறையில் மட்டும் பதிவு செய்துவிட்டு, கடைசிப் பில் போட மறந்திருக்கலாம். சிம் கார்டில் ஓடும் மெஷின் என்றால், போடிமெட்டு, மேகமலை போல சிக்னல் சுணங்கும் மலைப் பகுதிகளில் செட்டில்மென்ட் பாதியில் நின்றிருக்கலாம்.

எதுவாக இருந்தாலும், அன்று மாலை கடையின் கணக்கில் இது விற்பனையாகத்தான் நிற்கும். சிலிப்பும் கையில் இருக்கும். வங்கியில் வந்து விழுந்த தொகையோடு சிலிப்புகளை ஒன்றொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும்.

பதறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

டெபிட் ஆகவில்லை என்று நினைக்கும் பல சமயங்களில் தொகை வேறு ஓர் இடத்தில் இருக்கும். கடைக்குப் போன் போடும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

• கிரெடிட் கார்டு ஆப்பில் ‘இன்னும் பில் ஆகாதவை’ என்று தனிப் பகுதி இருக்கும். ஸ்டேட்மென்ட் தேதிக்கு ஓரிரு நாள் முன் வாங்கியது அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில்தான் வரும்.

• கடையின் பெயர் வேறாக இருக்கலாம். போர்டில் ஒரு பெயர், வங்கியில் பதிவான நிறுவனத்தின் பெயர் வேறு என்பது சாதாரணம். பெயரைத் தேடாமல் தொகையைத் தேடுங்கள்.

• எந்தக் கார்டைத் தேய்த்தீர்கள்? சிலிப்பில் உள்ள கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். இரண்டு, மூன்று கார்டு வைத்திருப்பவர்களும் மனைவி, கணவர் பெயரில் கூடுதல் கார்டு வைத்திருப்பவர்களும் இதில்தான் குழம்புகிறார்கள்.

• கடையிலேயே இஎம்ஐ போட்டிருந்தால், முழுத் தொகை தெரியாமல் மாதத் தவணை மட்டும் தெரியலாம்.

• சிலிப்பில் இருப்பது ‘அப்ரூவ்டு’தானா? ‘டிக்ளைண்டு’ என்ற சிலிப்பைக் கவனிக்காமல் மடித்துக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. தொகையில் ஒரு சைபர் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்கி ஐந்தாறு வேலை நாள்தான் ஆகிறது, தொகை இன்னும் ‘நிலுவையில்’ என்று காட்டுகிறது என்றால் பொறுத்திருக்கலாம். விடுமுறை, பண்டிகை நாட்களில் இன்னும் கொஞ்சம் தாமதமாகும். நிறுத்தி வைத்த தொகை விடுபட்டு, பில் ஆனவை, ஆகாதவை இரண்டிலும் அந்தச் செலவு இல்லை என்றால்தான் அடுத்த வேலை.

வங்கிக்குச் சொல்வதா, கடைக்குச் சொல்வதா?

பலரும் முதலில் வங்கியின் கஸ்டமர் கேருக்குத்தான் போன் போடுகிறார்கள். “என் கணக்கில் பணம் எடுக்கவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னால், மறுமுனையில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. காரணம் இருக்கிறது. கார்டு முறையில் பணத்தை இழுக்க வேண்டியது கடையின் பக்கம். கேட்பு வராமல் உங்கள் வங்கி தானாகக் கடைக்காரருக்குப் பணம் அனுப்ப வழியில்லை. கடையின் கணக்கு எந்த வங்கியில் இருக்கிறது என்பதுகூட அவர்களுக்குத் தேவையில்லாத விஷயம்.

ஆகவே தட்ட வேண்டிய கதவு கடையினுடையது. போன் போட்டுச் சொன்னால் மட்டும் போதாது. சிலிப்பின் படத்தையும், அந்தத் தேதியையொட்டிய ஸ்டேட்மென்ட் பக்கத்தையும் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். ஸ்டேட்மென்ட்டில் தொடர்பில்லாத செலவுகளை மறைத்துவிட்டு அனுப்பலாம். சிலிப்பில் கடைக்காரருக்குத் தேவையானவை நான்கு: தேதியும் நேரமும், மெஷினின் டெர்மினல் எண், ஆறு இலக்க அனுமதி எண், ஆர்ஆர்என் எனப்படும் 12 இலக்கக் குறிப்பு எண்.

இவற்றை வைத்துக் கடைக்காரர் தன் மெஷினைக் கொடுத்த வங்கியிடமோ நிறுவனத்திடமோ கேட்டால், அந்தப் பரிவர்த்தனை செட்டில் ஆனதா, ரத்தானதா, அப்படியே கிடக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். காலம் கடக்கவில்லை என்றால், பழைய அனுமதி எண்ணை வைத்தே கேட்பை அனுப்பவும் வழி இருக்கலாம். அப்படி அனுப்பினால் ஓரிரு நாளில் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இந்தச் சிலிப்புகள் வெப்பத்தில் அச்சாகும் காகிதம். பர்ஸிலோ கார் டேஷ்போர்டிலோ கிடந்தால் சில மாதங்களில் எழுத்து வெளிறிவிடும். பெரிய தொகைக்கு கார்டு தேய்த்தால், கடை வாசலிலேயே சிலிப்பை ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

இரண்டு முறை கட்டிவிடாமல் இருக்க

“சரிங்க தம்பி, திரும்ப ஒரு தடவை அனுப்பிவிட்டுருங்க” என்று கடைக்காரர் கேட்பார். கேட்பது நியாயம்தான். ஆனால் இன்று நீங்கள் அனுப்பி, நாளை பழைய கேட்பும் வந்துவிட்டால் 1,86,000 இரண்டு முறை போகும். அதைத் தடுக்க மூன்று வேலைகள்.

ஒன்று, பழைய தொகை விடுபட்டுவிட்டதா என்று உங்கள் வங்கியிடம் உறுதி செய்யுங்கள். கஸ்டமர் கேர் உண்மையில் உதவும் இடம் இதுதான். “இந்தத் தேதி, இந்த அனுமதி எண், இதற்குக் கேட்பு வந்திருக்கிறதா?” என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

இரண்டு, கடையின் லெட்டர்பேடிலோ பில்லிலோ எழுதி வாங்குங்கள். ‘இந்தத் தேதியில் இந்த அனுமதி எண்ணில் நடந்த கார்டு பரிவர்த்தனைக்கு எங்களுக்குப் பணம் வரவில்லை, அதை இனி கேட்க மாட்டோம், அதற்குப் பதிலாக இந்தத் தேதியில் இந்த வழியில் பணம் பெற்றுக்கொண்டோம்’ என்று இருந்தால் போதும்.

மூன்று, தடம் இருக்கும் வழியில் கட்டுங்கள். அதே கார்டில் மறுபடி தேய்க்கலாம். வெளியூரிலிருந்தால் பில்லில் உள்ள கடையின் கணக்குக்கு நெஃப்ட் மூலம் அனுப்பலாம். 2019 டிசம்பரிலிருந்து அது 24 மணி நேரமும் இயங்குகிறது. 2 லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஆர்டிஜிஎஸ் இருக்கிறது. யுபிஐ என்றால் உங்கள் வங்கியின் அன்றாட வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரொக்கமாகக் கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 2017 ஏப்ரல் 1 முதல், ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. இரண்டு, மூன்று தவணையாகப் பிரித்துக் கொடுத்தாலும் பில் ஒன்றுதான் என்பதால் கணக்கு ஒன்றுதான். அபராதம் வாங்கியவருக்கு; வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவு.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய கேட்பு வந்து உங்கள் கணக்கில் ஏறினால், ‘வேறு வழியில் ஏற்கனவே பணம் கட்டிவிட்டேன்’ என்று உங்கள் வங்கியில் எதிர்ப்புப் பதிவு செய்யலாம். கார்டு நெட்வொர்க்குகளின் விதிகளில் இதற்கென்றே தனி வகை இருக்கிறது. கடை எழுதிக் கொடுத்த தாள் அப்போதுதான் கைகொடுக்கும்.

‘அவங்களே கேக்கல, நாம ஏன் சொல்லணும்?’

அறை நண்பரின் கேள்வி இது. பதில் சட்டத்தில் இருக்கிறது. இலவசமாகத் தரும் எண்ணம் இல்லாமல் ஒருவர் கொடுத்ததை அனுபவிப்பவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 70. தவறுதலாக வந்த பணத்தையோ பொருளையோ திருப்பித் தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 72. பொருளைக் கொடுத்துவிட்டு விலை வராமல் நிற்பவர் வழக்குப் போட 1930-ம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் இடம் தருகிறது. பொதுவாக, பொருளைக் கொடுத்த நாளிலிருந்து அவருக்கு மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆக, மூன்று மாதம் சத்தமில்லை என்பதால் பணம் உங்களுடையது ஆகிவிடாது.

அனுப்பியவர் கணக்கில் டெபிட் ஆகாமலே பணம் நகர்ந்துவிடும் கோளாறு எவ்வளவு பெரிதாகலாம் என்பதை 2023 தீபாவளி நேரத்தில் நாடு பார்த்தது. அது கார்டு அல்ல, ஐஎம்பிஎஸ் பரிமாற்றம். நவம்பர் 10 முதல் 13 வரை, வேறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் தொடங்கிய பரிமாற்றங்கள், அவர்களின் கணக்கில் டெபிட் ஆகாமலே யூகோ வங்கியின் சுமார் 41,000 கணக்குகளில் வரவாகிவிட்டன. மொத்தம் ஏறத்தாழ 820 கோடி ரூபாய். யூகோ வங்கி அந்தக் கணக்குகளை முடக்கி, சில நாட்களிலேயே சுமார் 649 கோடியை, அதாவது 79 சதவீதத்தை மீட்டது. எடுத்துச் செலவழித்தவர்கள் நிம்மதியாக இருந்துவிடவில்லை. வங்கியின் புகாரின்பேரில் சிபிஐ வழக்குப் பதிவு செய்தது. 2024 மார்ச்சில் ராஜஸ்தான், மகாராஷ்டிரத்தில் 67 இடங்களில் சோதனை நடந்தது.

நகைக்கடையில் தேய்த்த கார்டுக்கு சிபிஐ வரப்போவதில்லை. ஆனால் தாமதமாக ஒரு கேட்பு வரும் வாய்ப்பு உண்டு. அந்த மாதம் பார்த்து வீட்டு வாடகையும் இஎம்ஐயும் காத்திருந்தால், எதிர்பாராத 1,86,000 ரூபாய் பட்ஜெட்டையே கவிழ்த்துவிடும். கடைக்காரர் பதில் சொல்லாமல் இழுத்தடித்தாலும் அந்தத் தொகையைத் தனியாக ஒரு ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டு வையுங்கள். வட்டி உங்களுக்கு, அசல் அவருக்குரியது. வாங்கியதை இஎம்ஐயாக மாற்றத் திட்டமிட்டிருந்தால் அதுவும் இப்போது நடக்காது. கணக்கில் ஏறிய செலவைத்தான் இஎம்ஐயாக மாற்ற முடியும்.

கல்லாவில் இருப்பவரின் நிலை

கம்பம் பள்ளத்தாக்கு கடனுக்கும் வாய்ச்சொல்லுக்கும் பழகிய வணிகப் பூமி. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கும், சின்னமனூர் வாழைக்கும், போடிநாயக்கனூர் ஏலக்காய்க்கும் பின்னால் பேரேடும் பற்று வரவும் உண்டு. உரக்கடையில் கடன் சொன்னால் நோட்டில் ஏறும். அறுப்பு முடிந்ததும் நோட்டைப் பிரித்துக் கணக்குப் பார்ப்பார்கள்.

டெபிட் ஆகாத கார்டு பில்லின் ஆபத்து, அது எந்தக் கடன் நோட்டிலும் ஏறாது என்பதுதான். சிலிப்பில் ‘அப்ரூவ்டு’ என்று இருப்பதால் கடைக்கு அது வந்த பணம். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது 1,86,000 உதைத்தால், முதல் கேள்வி கல்லாவில் உட்கார்ந்திருந்தவரிடம்தான் போகும். “மெஷின்ல போட்டேன்ணே, சிலிப்பு வந்துச்சுண்ணே” என்று அவர் சொன்னாலும், அந்தச் சிலிப்பின் எழுத்து அதற்குள் வெளிறியிருக்கலாம். அவர் சொல்வது உண்மை என்று காட்டக்கூடிய ஆதாரம் உங்கள் போனில் இருக்கும் போட்டோ.

கடை வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ராத்திரி கடை அடைக்கும் முன் மெஷினில் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டை எடுத்து, சிலிப்புகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். மறுநாள் வங்கியில் கட்டணம் போக அந்தத் தொகை வந்ததா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. அன்றே தெரிந்தால் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுச் சொல்லலாம். பழைய அனுமதி எண்ணும் உயிரோடு இருக்கும்.

தலைகீழாக நடந்தால்?

உங்கள் கணக்கில் பணம் போய்விட்டது, கடையில் சிலிப் வரவில்லை என்றால் விஷயம் வேறு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனை நடந்த நாள் போக ஐந்து நாட்களுக்குள் உங்கள் வங்கி தொகையைத் தானாகவே திருப்பி வரவு வைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. இதை நீங்கள் கேட்காமலே தர வேண்டும். புகார் கொடுத்து 30 நாட்களாகியும் வங்கி பதில் தரவில்லை என்றாலோ, பதில் திருப்தியாக இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தகவலுக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

இந்த அழைப்பை நம்பாதீர்கள்

“நீங்க போன வாரம் கட்டுன பேமென்ட் ஃபெயில் ஆயிடுச்சு சார், இந்த லிங்க்ல திரும்பக் கட்டிடுங்க” என்று யாராவது அழைத்தால் உடனே கட்டிவிடாதீர்கள். உண்மையான கடைக்காரராகவும் இருக்கலாம். உங்கள் பில் விவரம் தெரிந்த மோசடிக்காரராகவும் இருக்கலாம். போனை வைத்துவிட்டு, பில்லில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். லிங்க், கியூஆர் கோடு வேண்டாம். பில்லில் உள்ள நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். இந்த வேலையில் எந்தக் கட்டத்திலும் உங்கள் ஓடிபியை யாரிடமும் சொல்லத் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

சின்னமனூர் இளைஞர் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொன்னால் இதுதான்: பில் ஆகாத பட்டியலையும் கார்டின் கடைசி நான்கு எண்களையும் சரிபார்ப்பது, பில்லில் உள்ள எண்ணுக்கு அழைப்பது, சிலிப்பின் போட்டோவை அனுப்புவது, பழைய தொகை விடுபட்டதை வங்கியிடம் உறுதி செய்வது, எழுதி வாங்கிக்கொண்டு கட்டுவது. மொத்தமாகப் பார்த்தால் இரண்டு போன், ஒரு மின்னஞ்சல், ஒரு நெஃப்ட். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அந்தக் கடை வாசலை நிமிர்ந்து கடக்கலாம். தங்கையின் சீமந்தத்துக்கு வளையல் எடுக்கவும் அங்கேயே போகலாம்.